கையால் வரையும் டாரட் சீட்டுகள்: யோசனை வேண்டும்

கேள்வி (ராயபுரம்):
குறி பார்க்கும் டாரட் சீட்டுகள் 78-ஐயும் நானே வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருக்கிறேன். 1909-இல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவைதான் அடிப்படை. அதில் காதலர் சீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், மேலே தேவதூதர். என் சீட்டில் இரண்டு பெண்கள் காசிமேட்டில் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி மற்றவள் கையில் ஒட்டிய மீன் செதிலை நகத்தால் எடுத்துவிடுகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த படம் இதுதான். திருநங்கையை எந்தச் சீட்டில் வைக்கலாம்? அப்புறம், கலைத்துக் கலைத்துப் போட்டால் சாயம் தாங்குமா?

பதில் (வண்ணாரப்பேட்டை):
தாங்காது தம்பி. மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, ஸ்கேன் எடுத்து 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) ஆர்ட் கார்டில் அச்சடியுங்கள். மேட் லேமினேஷன் போடுங்கள். மூலையை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் முனை பிரியும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரியுங்கள்.

பதில் (வியாசர்பாடி):
நான் திருநங்கை. ஒரே ஒரு சீட்டில் எங்களை அடைக்காதே கண்ணு. ஆசீர்வாதம் பண்ணும் கையாகவே எங்களை வரைந்து சலித்துவிட்டது. பேரரசி சீட்டில் பேரரசியாக வை. மூன்று கோப்பை சீட்டில் கோப்பையைத் தூக்கி ஆடும் மூன்று பெண்களில் ஒருத்தியாகவும் வை. நாலு ராஜாக்களில் ஒருவர் திருநம்பியாக இருக்கட்டும்.

கேட்டவர்:
சரி அக்கா, செய்கிறேன். மூன்று கோப்பை இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது. நடுவில் நிற்பவளுக்குப் புடவை என்ன நிறம் போடட்டும்?