ஓடையில் பீவர் அணை: விடலாமா, கலைக்கலாமா?

கேள்வி:
கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம் எங்கள் நிலம். கீழ்க்கோடி ஓடையில் ஒரு பீவர் (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) குடும்பம் அணை கட்டுகிறது. இருட்டும் நேரத்தில் வந்து, ஆஸ்பென் மரத்தைக் கடித்துச் சாய்த்து, கிளைகளைக் கவ்வி இழுக்கின்றன. சேற்றை முன்கால்களால் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து அப்புகின்றன. பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது! ஆனால் தண்ணீர் எங்கள் வண்டிப் பாதையை நெருங்குகிறது. அணையைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் போதுமா?

பதில் 1:
கலைத்துப் பயனில்லை அண்ணா. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே அடைக்க வந்துவிடும், ஒரே இரவில் பழையபடி ஆகலாம். அணைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதன் உள்வாயை, அணைக்குப் பின்னால் தேங்கிய குளத்தின் ஆழமான இடத்தில் கம்பிவலைக் கூண்டுக்குள் வையுங்கள். சத்தமில்லாமல் வடியும்.

பதில் 2:
முதலில் மாகாண இயற்கைவளத் துறையிடம் கேளுங்கள். அப்புறம், முழுக்க வடித்துவிடாதீர்கள். அவற்றின் வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, குளிர்காலத் தீனிக் கிளைகளும் அங்கேதான். குளம் அடிவரை உறைந்தால் பாவம், பட்டினிதான். ஆப்பிள் மரம் இருந்தால் அடியில் கம்பிவலை சுற்றுங்கள்.

கேட்டவர்:
சரி, குழாயே போடுகிறேன். நேற்று கிட்டே போனதும் ஒன்று வாலால் தண்ணீரில் படாரென்று அடித்தது, மற்றவை உடனே முங்கிவிட்டன. இவை இங்கேயே இருக்க வேண்டும். குழாய் எவ்வளவு அகலம் வாங்கலாம்?