'அரசியல் வரவுசெலவுச் சுழற்சி': வேறு சொல் பார்க்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தேர்தல் வரும் ஆண்டில் அரசு பணத்தைத் தாராளமாக விட்டு, பிறகு இறுக்கிப் பிடிக்கும் போக்கைப் பொருளியலில் பொலிட்டிக்கல் பட்ஜெட் சைக்கிள் என்பார்கள். அதற்கு 'அரசியல் வரவுசெலவுச் சுழற்சி' என்று நேற்றைய மடலில் ஒரு பரிந்துரை வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சொல்லிலும் பிழையில்லை. சேர்த்துப் படித்தால்தான் பொருள் பிடிபடவில்லை. வரவுசெலவுச் சுழற்சி என்றதும் நிதித்துறையில் இருப்பவர் நினைப்பது வேறு: திட்டம் தயாரித்து, அவையில் வைத்து, செலவழித்து, தணிக்கையில் முடிக்கும் ஆண்டு வேலை.

நாம் பேசுவது கானாவில் நடப்பது போன்ற ஒன்றை. 1992இல் ராலிங்ஸின் ராணுவ ஆட்சி பலகட்சித் தேர்தலுக்கு வந்தது. அதுவரை பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கண்டிப்பில் உபரி காட்டிவந்த அரசுக் கணக்கு அந்த ஒரே ஆண்டில் பற்றாக்குறைக்குச் சரிந்தது. தேர்தலுக்கு முன் அரசு ஊழியருக்குக் கொடுத்த பெரிய சம்பள உயர்வு அதற்கு முக்கியக் காரணம். 2012 தேர்தலிலும் இதே கதை. சம்பளமும் எரிபொருள் மானியமும் ஏறி, பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2015இல் சுமார் 918 மில்லியன் டாலருக்கு நிதியத்தின் வாசலில் போய் நின்றார்கள். தேர்தலாண்டில் கை தாராளம், அப்புறம் கடன், விலையேற்றம், இறுக்கம். அடுத்த தேர்தல் வந்தால் மறுபடி தாராளம்.

முதலில் வகுப்பில் 'தேர்தல் செலவுச் சுழற்சி' என்றுதான் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி, "வேட்பாளர் கணக்குக் காட்டுவாரே, அந்தச் செலவா சார்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. தமிழில் தேர்தல் செலவு என்றால் போஸ்டர், பந்தல், ஜீப் வாடகை. 'தேர்தல் நிதி' என்று மாற்றினால் கட்சிகள் வசூலிக்கும் பணம். கடல் ஏறி வற்றுவதை வைத்து 'தேர்தல் ஓதம்' என்றும் எழுதிப் பார்த்தேன். அழகான சொல்தான், ஆனால் இன்று அது சுவர் ஈரத்துக்கும் ஒரு நோய்க்கும் பெயராக நின்றுவிட்டது.

'ஆண்டு' என்பதைச் சேர்த்ததும் குழப்பம் தீர்ந்தது: தேர்தலாண்டு நிதிச்சுழற்சி. வரிச்சலுகையும் இதில் அடங்க வேண்டும் என்பதால் 'செலவு' வேண்டாம், 'நிதி' போதும்.

'வாக்குவேட்டைச் சுழற்சி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கமாட்டேன். இப்படித் தாராளம் காட்டினால் வாக்கு விழுகிறதா என்பதே இத்துறையின் பெரிய கேள்வி. பழைய மக்களாட்சிகளை விட, புதிதாக மக்களாட்சிக்கு வந்த நாடுகளின் முதல் சில தேர்தல்களில்தான் இந்தப் போக்கு வலுவாக இருக்கிறது என்று பொருளியலாளர்கள் பிரெண்டரும் டிரேசனும் 2005இல் காட்டினார்கள். 2008இல் அவர்களே, பற்றாக்குறையைக் கூட்டுவதால் மறுபடி வெல்லும் வாய்ப்பு கூடுவதில்லை என்றும் கண்டார்கள். கானாவிலும் 2008இல் சுமார் 40,000 வாக்கு வித்தியாசத்திலும், 2016இல் தெளிவாகவும் ஆளுங்கட்சி தோற்றது. விடையைப் பெயருக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டால் மாணவர்கள் கேள்வியையே பார்க்கமாட்டார்கள். 'இளம் மக்களாட்சி' என்பதையும் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம். 2012 கானாவுக்கு ஆறாவது தேர்தல், அப்போதும் இந்தப் போக்கு மறையவில்லை.

சொல் ஒரு வாக்கியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்: "பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்ன 2018ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020இல் கானா நிறுத்திவைத்தது, அது பெருந்தொற்றின் ஆண்டு, தேர்தலின் ஆண்டும்கூட. அவ்வாண்டுப் பற்றாக்குறையில் தேர்தலாண்டு நிதிச்சுழற்சியின் பங்கு எவ்வளவு?"

எனக்கு நிற்கிறது என்றே தோன்றுகிறது. இலங்கைப் பாடநூல்களில் நிதிக்கொள்கையை 'இறைக்கொள்கை' என்பார்கள். அங்குள்ள நண்பர்களுக்கு 'நிதிச்சுழற்சி' என்பது பணப்புழக்கம் போல ஒலிக்குமா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள், அதன் பிறகு அகராதிப் பட்டியலில் சேர்க்கலாம்.