டிம்மில் போனாலும் எதிரில் வருகிறவர்கள் லைட் அடிக்கிறார்கள், ஃபோகஸ் எப்படி வைப்பது?

முருங்கைக்காட்டான்:

வணக்கம். தோட்டம் மூலனூர்ப் பக்கம். எங்கள் முருங்கையை வாரத்துக்கு இரண்டு மூன்று நடை என்னுடைய ஹேட்ச்பேக்கிலேயே பின் சீட்டை மடக்கிப்போட்டு, விடியும் முன்பே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன். 2014 மாடல், ஹெச்4 ஹாலஜன் பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்), வண்டியோடு வந்ததுதான். மூன்று மாதம் முன்பு நாய் குறுக்கே ஓடி, ஒடித்துத் திருப்பியதில் இடது முனை மைல்கல்லில் போய் இடித்தது. பம்பரும் இடது ஹெட்லைட்டும் போச்சு. ஒர்க்‌ஷாப்பில் இடது பக்கம் மட்டும் முழு செட்டும் புதிதாக மாட்டிக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து நிம்மதி இல்லை. டிம்மில்தான் போகிறேன், ஆனாலும் எதிரில் வருகிற பஸ், லாரி, பைக் என்று எல்லாரும் டிப் அடிக்கிறார்கள். ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, திட்டிவிட்டே போனார். இடது லைட் புளியமரத்துக் கிளையைக் காட்டுகிறது. வலது லைட் எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "புது லைட்டுங்க, பளிச்சுன்னுதான் இருக்கும், பழகிடும்" என்கிறார்கள். எனக்குப் பழகும், எதிரில் வருகிறவனுக்கு எப்படிப் பழகும்?

பானட்டைத் திறந்தால் லைட்டுக்குப் பின்னால் இரண்டு வெள்ளை ஸ்க்ரூ தெரிகிறது. எதைத் திருகினால் என்ன ஆகும், வீட்டில் வைத்தே செய்யலாமா?

---

சும்மா வண்டி:

ஹாலஜனைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்இடி பல்பு போடுங்கள் நண்பா, அதே ஹோல்டரில் உட்காரும். வெளிச்சம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். இந்தத் தலைவலியே வராது.

---

பழைய வயரிங்:

மேலே சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இவருக்கு வந்த வியாதி வெளிச்சம் போதவில்லை என்பது இல்லை, வெளிச்சம் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது என்பது. ஹெச்4 ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காகச் செய்தது. இழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் கிண்ணத்தின் வளைவையே போட்டிருக்கிறார்கள். அதில் எல்இடியைச் சொருகினால் ஒளி புறப்படும் இடம் கொஞ்சம் தள்ளினாலே வெளிச்சத்துக்கும் மேலே இருட்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு கலைந்து நாலாபக்கமும் தெறிக்கும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிவதால் நல்லாயிருக்கு என்று தோன்றும், எதிரில் வருகிறவன் கண்ணை மூடிக்கொள்வான். 100 வாட் பல்பு போடுவதும் இதே கதைதான். கூடவே ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். 60/55 வாட்டே (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) போதும்.

முருங்கைக்காட்டான் தம்பி, ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்பு இரண்டு விஷயம் சொல்லுங்கள். போகும்போது மட்டும் லைட் அடிக்கிறார்களா, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக இருட்டில் எப்போதாவது திரும்பும்போதும் அடிக்கிறார்களா? அப்புறம் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று போட்ட சின்ன டயல் இருக்கிறதா, அது எந்த எண்ணில் நிற்கிறது?

---

முருங்கைக்காட்டான்:

அண்ணா, இப்போது யோசித்தால் போகும்போதுதான் அதிகம். காலியாக வரும்போதும் பைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் அடிப்பார்கள், ஆனால் அந்த அளவு இல்லை. டயல் இருக்கிறது, 0-வில் நிற்கிறது. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டயல் என்று நினைத்து பத்து வருடமாக அதைத் தொட்டதே இல்லை! சரக்கு ஒரு நடைக்கு 160, 170 கிலோ இருக்கும், எல்லாம் பின்னால்தான்.

---

பழைய வயரிங்:

பாதி வியாதி அங்கேயே இருக்கிறது. பின்னால் பாரம் ஏறினால் பின்பக்கம் உட்காரும், மூக்கு தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். அந்த டயல் அதற்குத்தான் வைத்தது. ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0, பின்னால் ஆளும் சாமானும் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் ரிஃப்ளெக்டரைக் கீழே சாய்க்கும். எவ்வளவு பாரத்துக்கு எந்த எண் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

மீதிப் பாதி அந்த இடது லைட். புது செட்டை மாட்டினால் ஃபோகஸ் வைத்தே ஆக வேண்டும், பெட்டியில் இருந்து எடுத்தது அப்படியே சரியாக இருக்காது. ஒர்க்‌ஷாப்பில் ஃபோகஸ் மெஷின் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் சுவர் போதும்.

டயர் காற்று சரியாக இருக்கட்டும், சாமான் எதுவும் வேண்டாம், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டயல் 0. காரைச் சுவருக்கு ஒட்டினாற்போல் நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, ஒவ்வொரு லைட்டின் நடுப்புள்ளிக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடுங்கள் (பல லைட்டில் கண்ணாடியிலேயே நடுவில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும்). பிறகு நேர்கோட்டில் பின்னால் எடுத்து, லைட்டுக்கும் சுவருக்கும் டேப் வைத்து 5 மீட்டர் அளந்து நிறுத்துங்கள். பின்னால் எடுக்கும்போது கார் கோணலாகிவிட்டால் பக்கவாட்டு அளவு எல்லாமே பொய்யாகிவிடும், அதனால் பின் கண்ணாடிக்கு வெளியே நின்று, அதன் நடு வழியாகவும் முன் கண்ணாடியின் நடு வழியாகவும் பார்த்து, இரண்டு கூட்டல் குறிக்கும் சரிநடுவில் பார்வை போய் விழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். நிறுத்தியதும் முன்னும் பின்னும் இரண்டு அமுக்கு அமுக்கி விடுங்கள், சஸ்பென்ஷன் அதன் இடத்தில் உட்காரும்.

லைட் மேலேயோ பானட் உள்ளேயோ விளக்குப் படம் போட்டு 1% அல்லது 1.2% மாதிரி ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். 1% என்றால் 5 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம். கூட்டல் குறிக்கு அந்த அளவு கீழே மாஸ்கிங் டேப்பைப் படுக்கையாக ஒட்டுங்கள். இருட்டியதும் டிம் போடுங்கள், பிரைட்டில் வைத்து ஃபோகஸ் வைக்கவே கூடாது. ஹெச்4-இல் இரண்டும் ஒரே ரிஃப்ளெக்டர்தான், டிம் சரியானால் பிரைட் தானாகச் சரியாகும். ஒரு லைட்டைப் பார்க்கும்போது இன்னொன்றின் மூன்று பின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். துணியைப் போட்டு மூட வேண்டாம், ஹாலஜன் சூட்டில் முன்கண்ணாடி கெடும், அது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக்.

சுவரில் தெரிய வேண்டியது இதுதான்: வலது பக்கம் தட்டையாக ஒரு கோடு, அதற்கு மேலே இருட்டு. நடுவில் ஒரு முழங்கை, அங்கிருந்து இடது பக்கம் மேலே ஏறும். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் அப்படி, எதிரில் வருகிறவனுக்குத் தட்டை, நம் ஓரத்துப் பலகைக்கும் நடந்து போகிறவருக்கும் ஏற்றம். அதனால் புளியமரம் தெரிவதே தப்பில்லை, அடிமரம் தெரியலாம், பக்கத்தில் இருக்கிற மரத்தின் கிளை தெரிந்தால்தான் கோளாறு. தட்டைக் கோடு டேப்பின் மேல் விளிம்பில் படிய வேண்டும், முழங்கை கூட்டல் குறிக்கு நேர் கீழே வர வேண்டும். ஒரு ஸ்க்ரூ மேல் கீழ், இன்னொன்று பக்கவாட்டு. எது எது என்று வண்டிக்கு வண்டி மாறும், கால் சுற்று திருகிச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றைத் திருகினால் மற்றதும் கொஞ்சம் நகரும், இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றித்தான் வரும், பொறுமை வேண்டும்.

கோடே தெரியாமல் புகை மாதிரி இருந்தால் ஸ்க்ரூவை விட்டுவிட்டு பல்பைப் பாருங்கள். மூன்று காதும் பள்ளத்தில் உட்கார்ந்து, கம்பி கிளிப் மாட்டியிருக்கிறதா என்று. பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம்.

---

கணக்குப் பிள்ளை:

அண்ணன் சொன்னதில் சேர்க்க ஒன்று: தரை. வீட்டு போர்டிகோவில் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் ஓடுவதற்குக் கொத்தனார் கேட் பக்கம் வாட்டம் விட்டிருப்பார். கார் நிற்கிற இடத்திலிருந்து சுவர் வரைக்கும் ஒரே சீரான வாட்டம் என்றால் பரவாயில்லை, காரும் அதே தளத்தில்தான் நிற்கிறது. ஆனால் பின் சக்கரம் சாய்தளத்திலும் முன் சக்கரம் சமதரையிலும் நின்றால் கணக்கு போச்சு. சக்கரத்துக்குச் சக்கரம் இரண்டரை மீட்டர்கூட இல்லாத வண்டியில் பின்பக்கம் 5 செ.மீ. இறங்கி நின்றால் அதுவே 2%.

இந்த 1% எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். லைட் தரையிலிருந்து 66 செ.மீ. உயரம் என்றால் 1% இறக்கத்தில் கோடு 66 மீட்டரில் தரையைத் தொடும். 2% இறக்கினால் 33 மீட்டர்தான். 0 என்றால் தரையையே தொடாது. முருங்கை ஏற்றிப் பின்பக்கம் 5 செ.மீ. உட்கார்ந்தால் 1% இறக்கம் 1% ஏற்றமாகிவிடும், 50 மீட்டரில் கோடு 116 செ.மீ. உயரத்தில் நிற்கும். எதிர்க் காரில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. லாரிக்காரர் உயரத்தில் இருந்தே திட்டினார் என்றால் இடது லைட் அதற்கும் மேலே போகிறது என்று அர்த்தம்.

சுவரில் 1 செ.மீ. தவறினால் 0.2%. அதனால் கண் மதிப்பில் வைக்காதீர்கள், அளந்து வையுங்கள்.

---

இரவுப் பறவை:

வாடகை டாக்ஸி ஓட்டுகிறேன், இரவில் பாதி நேரம் எதிர் லைட்டில் வழியைத் தேடுவதே பிழைப்பு. நான்கு வழிச் சாலையில் நடுவில் அரளி இருக்கிறது, தப்பித்தோம். இரண்டு வழிச் சாலையில் என்ன செய்ய? இந்த நண்பர் மாதிரி என் லைட் என்ன செய்கிறது என்று கேட்கிறவர் ஆயிரத்தில் ஒருவர்.

இதற்கு விதியும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 106: லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், அந்தக் கண் கூசக்கூடாது. சுவரில் ஃபோகஸ் வைத்து முடித்ததும் நீங்களே போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள், செலவில்லாத சோதனை. முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதை நான் எப்போதும் ஒத்துக்கொண்டதில்லை. ஸ்டிக்கர் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்னும், திசையை மாற்றாது.

உங்கள் வலது லைட் பத்து வருடத்தில் மஞ்சள் பூத்திருக்குமே? அதையும் பாலிஷ் போட்டுவிடுங்கள். மங்கிய பிளாஸ்டிக்கும் ஒளியைச் சிதறடிக்கும்.

---

முருங்கைக்காட்டான்:

செய்துவிட்டேன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நெல் உலர்த்தும் களத்தில், குடோன் சுவருக்கு எதிரே நிறுத்தினேன், தரை சமம். அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன் (பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார், எடை மாறவில்லை, பரவாயில்லை). வலது லைட் டேப்புக்கு 1 செ.மீ. கீழேதான் இருந்தது, அதை லேசாகத் தூக்கினேன். இடது லைட் கூட்டல் குறிக்கே 7 செ.மீ. மேலே, போதாததற்கு வலது பக்கமாக வேறு ஒருக்களித்து, எதிர் வண்டிக்கு நேராகவே அடித்திருக்கிறது. இத்தனை நாள் என்னைத் திட்டியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். மேல் கீழ் ஸ்க்ரூ ஏழெட்டுச் சுற்று போனது, பக்கவாட்டு இரண்டு சுற்று.

அதோடு விட்டிருந்தால் தெரிந்திருக்காது. டயலைச் சோதிக்கலாம் என்று 3-க்குத் திருப்பினேன். வலது கோடு சத்தமில்லாமல் 9 செ.மீ. இறங்கியது. இடது அசையவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மோட்டாருக்குப் போக வேண்டிய வயர் கனெக்டர் சொருகாமல் பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது! சொருகினேன், "கிர்" என்று ஒரு சத்தம், இடதும் இறங்கிவிட்டது.

கணக்குப் பிள்ளை அண்ணாவுக்காக இதையும் அளந்தேன்: பின் சக்கர வளைவு காலியாக 65 செ.மீ., 170 கிலோ ஏற்றியபின் 60. முன்பக்கம் அரை செ.மீ. தூக்குகிறது. அப்படியென்றால் பாரத்தில் லைட் தூக்குவது 2%-க்கும் மேலே, டயல் 3-இல் கிடைக்கிற இறக்கம் 1.8% தானே?

---

கணக்குப் பிள்ளை:

ஆமாம், சரியாகச் சொன்னீர்கள். 3-இல் வைத்தாலும் சுவரில் வைத்த 1% இறக்கத்தில் அரை சதவீதம்தான் மிஞ்சும், ரோடு மேடு பள்ளத்துக்கு அது போதாது. பாரத்தில் கொஞ்சத்தை முன்னால் கொண்டுவர முடிந்தால் நல்லது.

---

பழைய வயரிங்:

கனெக்டரின் பூட்டு "டக்" என்று விழுந்ததா பாருங்கள், சும்மா சொருகி வைத்தால் மறுபடி கழன்றுவிடும். பின் ஸ்பிரிங்கும் களைத்திருக்கலாம், அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிக்கு எவ்வளவு பாரம் என்பதும் புத்தகத்தில் இருக்கும், அதையும் ஒருமுறை படியுங்கள்.

---

முருங்கைக்காட்டான்:

பூட்டு விழுந்துவிட்டது அண்ணா. இரண்டு முருங்கைக் கட்டுகளை முன் சீட்டுக்கு மாற்றி பெல்ட்டும் போட்டுவிட்டேன். டயல் 3. நேற்று மார்க்கெட் போய்ச் சேரும் வரைக்கும் ஒரே ஒரு பஸ்தான் அடித்தது, அதுவும் நான் பிரைட்டை இறக்க மறந்ததால்.

சரக்கு சீக்கிரம் விற்று இருட்டிலேயே திரும்பினேன். டயலை 0-வுக்குக் கொண்டுவர மறந்துவிட்டு, என்னடா லைட் மங்கிப்போச்சு, 20 மீட்டருக்கு அப்பால் ரோடே தெரியவில்லை, பேட்டரி போகிறதோ என்று கள்ளிமந்தயம் வரைக்கும் பயந்துகொண்டே வந்தேன்.