'வைரோம்': தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

உடல்நலக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கெடு. உடம்பில் குடியிருக்கும் வைரஸ்கள் அத்தனையையும் சேர்த்துச் சொல்லும் 'வைரோம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'தீநுண்மித் தொகுதி' என்று எழுதினேன். அடுத்த வரியே இடிக்கிறது: "இத்தீநுண்மிகளில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை." என்ன செய்ய?

*

'தீநுண்மி'யின் தீயும் வேண்டாம், 'நச்சுயிரி'யின் நச்சும் வேண்டாம். குடலில் இருப்பவற்றில் பெரும்பகுதி பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்கள். நம் செல்களை அவை தாக்குவதில்லை. 'உயிரி'யும் ஆகாது. செல்லுக்கு வெளியே அது புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள், அவ்வளவுதான். எனவே 'நுண்மி'. தொகுதிக்குப் பதில் 'ஆயம்': சங்கப் பாட்டில் தலைவியோடு ஆடித் திரியும் தோழியர் கூட்டம். எப்போதும் கூடவே இருப்பது. 'ஓம்' ஒலிக்கும் கிட்டத்தில் வருகிறது. நுண்மியாயம்!

*

ஐயா, ஆயம் என்றால் இன்று ஆயத்தீர்வைதான் நினைவுக்கு வரும். கலால்துறை வெளியீடு என்று நினைத்துவிடுவார்கள். வெறும் 'நுண்மி' என்றால் என் மாணவர்கள் பாக்டீரியாவா வைரஸா என்று கேட்பார்கள். பெயர் உண்மை பேசியே ஆக வேண்டுமா? லத்தீனில் வைரஸ் என்றாலே நஞ்சுதான். நாமும் நல்ல பாம்பு என்கிறோமே. 'வைரஸ் தொகுதி' போதும்.

*

நல்ல பாம்பு மங்கல வழக்கு, பயந்து வாழ்த்தியது. இங்கே சாதுவைத் திட்டுகிறோம், அது வேறு. வைரஸ்தான் வேண்டுமென்றால் வடவெழுத்து ஒரீஇ, அதாவது 'ஸ்' நீக்கி, 'வைரசு' என்றாவது எழுதுங்கள். 'அரசு' போல உயிர்த்தொடர்க் குற்றியலுகரம்; 'வைரசுத் தொகுதி' என்று வலி மிகுமா? 'அரசுப் பள்ளி'யில் மிகுகிறது. சங்கப் புலவர் மோசிகீரனார் தூங்கிய 'முரசு கட்டில்' மிகாமல் நிற்கிறது.

*

மோசிகீரனாராவது நிம்மதியாகத் தூங்கினார். என் முன்னால் இருக்கும் வரி இது: "உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவரின் இரத்தத்தில் டிடி வைரஸின் அளவு கூடினால், நோயெதிர்ப்பு ஆற்றல் மிகவும் அடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்." 1997இல் ஜப்பானில் கண்டறிந்த இந்த வைரஸால் எந்த நோயும் வருவதாக உறுதியாகவில்லை. இதைப் போய்த் 'தீநுண்மி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான்கு பேர் 'வைரஸ் தொகுதி' என்று தனிமடலிலும் சொல்லிவிட்டார்கள். அப்படியே போட்டுவிட்டேன்.

*

முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் நுண்மியாயம்?

*

அச்சுக்குப் போய்விட்டது, ஐயா.

*

மறுபதிப்பு வரும் அல்லவா?