47 வயதில் டிரையத்லான்: எங்கிருந்து தொடங்குவது?

தாம்பரம்47 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 47, எடை 84 கிலோ. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு வரை நாற்காலியிலேயே வேலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஒரு மாத்திரை போடுகிறேன். அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம்.

எங்கள் ஆபீசில் ஒருவர் கோவா போய் அயர்ன்மேன் 70.3 என்ற டிரையத்லானை (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் போட்டி) முடித்து மெடலோடு திரும்பினார். என்னைவிட ரெண்டு வயது மூத்தவர். அன்றிலிருந்து எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. இப்போது என் நிலைமை இதுதான்:

நீச்சல், சின்ன வயதில் ஊர்க் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியது. தலையை வெளியே வைத்துக்கொண்டு அடிப்பேன். போன வாரம் வேளச்சேரி குளத்தில் இறங்கிப் பார்த்தேன். பாதிக் குளம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சைக்கிள், மகனுடைய கியர் சைக்கிள் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ஆனால் ஒன்றரை லட்சத்தில் ஒரு ரோடு பைக் (ரேஸ் சைக்கிள்) பார்த்து வைத்திருக்கிறேன். ஓட்டம், பஸ் பிடிக்க ஓடியதோடு சரி.

அடுத்த வருஷம் கோவா போக முடியுமா? பைக்கை இப்போதே வாங்கிவிடலாமா? வீட்டில் "முட்டி தேய்ஞ்சிடும், இந்த வயசுல எதுக்கு?" என்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

---

உப்புத்தண்ணி எழுதியது:

தம்பி, எனக்கு 55 வயது, திருவான்மியூர். நான் தண்ணீரில் இறங்கியதே நாற்பத்தைந்து தாண்டித்தான், அதுவும் கிணற்று நீச்சல்கூடத் தெரியாமல். அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

அடுத்த வருஷக் கோவாவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 70.3 என்றால் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் எட்டரை மணி நேரம் தருவார்கள், நீச்சலை மட்டும் ஒரு மணி பத்து நிமிஷத்துக்குள் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு முதலில் வேண்டியது ஸ்பிரின்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதைச் சின்னப் போட்டி என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், அந்த ஆளை ஒரு நாள் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், பணத்தையும் நேரத்தையும் முதல் மூன்று நான்கு மாதம் நீச்சலில் போடுங்கள். சைக்கிளும் ஓட்டமும் காத்திருக்கும். நம் வயதில் இந்த விளையாட்டை விட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் தண்ணீருக்குப் பயந்துதான் போகிறார்கள், வெளியே சொல்வது மட்டும் முட்டி வலி என்று.

பாதிக் குளத்தில் மூச்சு வாங்கியது தெம்பு இல்லாததால் அல்ல. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போய்விடும். முழு உடம்பையும் குறுக்கே வைத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். கூடவே மூச்சையும் அடக்குகிறீர்கள். கிணற்றில் பழகிய எல்லோரும் இதைத்தான் செய்வோம் என்று எங்கள் கோச் சொல்வார். முகம் வெளியே வந்ததும் அந்த ஒரு நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்த்தால் நெஞ்சு எப்படித் தாங்கும்?

ஆழம் குறைந்த பக்கத்தில் நின்றுகொண்டு சுவரைப் பிடியுங்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்து, வாயை மூடி "ம்ம்ம்" என்று மூக்கால் முனகுங்கள். குமிழி சீராக வர வேண்டும், குபுக்கென்று ஒரே மூச்சில் அல்ல. மூச்சு முடியும்போது முகத்தை மேலே தூக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வாயின் ஒரு ஓரம் வெளியே வந்தால் போதும், காற்று தானாக உள்ளே போகும். பக்கத்தில் ஏழு வயதுக் குழந்தைகள் மீன் மாதிரி போய்க்கொண்டிருக்கும், நாம் சுவரைப் பிடித்து முனகிக்கொண்டிருப்போம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இது படிந்த பிறகு 25 மீட்டர் அடித்து, நின்று, மூச்சு சமமானதும் மறுபடி 25. 750 மீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் பதினைந்து தடவைதான். நிறுத்தி நிறுத்தி அந்தத் தூரத்தை முடித்துவிட்டு, பிறகு நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். செவ்வாய், வியாழன் குளம். புதன், சனி நான்கு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெதுவோட்டம் என்று மாற்றி மாற்றி அரை மணி. ஞாயிறு சைக்கிள். பேசிக்கொண்டே போக முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் குறையுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் தேறிவிடும். குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணும் கெண்டைக்காலும் தேற மாதக்கணக்காகும். நாற்பதுக்கு மேல் ஓட வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தை ஏற்றுவார்கள், மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகால் பிடித்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஜிம் பிறகு பார்க்கலாம்.

இரவு பத்து மணிக்குப் படுக்க முடியாவிட்டால் காலை ஐந்து மணிப் பயிற்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. செல்போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குள் வீட்டில் இருங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு டிபன் என் வீட்டுக்காரர் பொறுப்பு. அது எப்படி அவர் கைக்குப் போனது என்பது தனிக்கதை.

---

ஈசிஜி எழுதியது:

நான் மருத்துவர். மேலே சொன்னதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு 58-இல் மாரடைப்பு, உங்களுக்கு 47, சர்க்கரை வேறு. இதய மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியைக் கூட்டாதீர்கள். இசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், கொழுப்பு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை). இதெல்லாம் ஒரு நாள் வேலை.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் நடந்த திடீர் மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் விபத்துக் காய மரணங்களையும் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 135 பேர், சராசரி வயது 47-ஐ ஒட்டி, 85 சதவீதம் ஆண்கள். அவர்களில் 90 பேருக்கு நடந்தது நீச்சலின்போது. லட்சக்கணக்கானோர் கலந்துகொண்ட கணக்கில் இது சிறிய எண்தான். ஆனால் அந்தச் சராசரி ஆள் கிட்டத்தட்ட நீங்கள்தான். தண்ணீரில் நெஞ்சு இறுக்கமோ, வழக்கத்தை மீறிய மூச்சுத் திணறலோ வந்தால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று போகக் கூடாது.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயிற்சியில் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிமிபிரைடு மாதிரி வேறு சர்க்கரை மாத்திரை சேர்ந்தால் தாழலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டி: பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டில் இதைக் காட்டலாம்.

---

பின்சக்கரம் எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து. ஒன்றரை லட்சத்தைத் தொடாதீர்கள் சார். மகனுடைய சைக்கிளைக் கடையில் கொடுத்து செயின், பிரேக் கேபிள், டயர், டியூப் மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிரின்டுக்கு அது தாராளம். ஹெல்மெட் மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள்.

சீட் உயரம் முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முட்டி நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் லேசான மடிப்பு இருக்கும். ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ வைத்து மிதித்துவிட்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள்.

பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் வீட்டிலேயே பழகுங்கள். போட்டியில் வேறு யாரும் வந்து மாற்றித் தர மாட்டார்கள். இன்னொன்று, நீச்சல் முடிந்து வந்ததும் ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவர் பிடிப்பார்.

கடைசி இரண்டு மாதத்தில் சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிஷம் ஓடிப் பாருங்கள். "பிரிக்" என்பார்கள். கால் நம்முடையது மாதிரியே இருக்காது, சிரிப்புத்தான் வரும்.

---

தாம்பரம்47 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சார், சனிக்கிழமை டிரெட்மில் டெஸ்டுக்கு நேரம் வாங்கிவிட்டேன். ரோடு பைக் கடைக்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, ஆள் முகம் வாடிப்போனார்.

அக்கா, ரெண்டு சந்தேகம். கடலில் எப்போது இறங்கலாம்? குளத்துக்கு என்ன உடை வாங்குவது? தொப்பையோடு அந்தச் சின்ன உடை எனக்கு ஒத்துவராது. வீட்டில் "இந்த வயசுல" மட்டும் இன்னும் ஓயவில்லை.

---

உப்புத்தண்ணி எழுதியது:

வயதுக்கு என்றால், ஜப்பானில் ஹிரோமு இனாடா என்று ஒருவர். அறுபதில் ஓய்வு பெற்ற பிறகு நீச்சல் பழகினார். முதல் டிரையத்லான் எழுபதில். 2018-இல் 85 வயதில் ஹவாய் அயர்ன்மேன் முழுத் தூரத்தையும் நேரத்துக்குள் முடித்தார். உங்களை ஏற்றிவிடுவதற்காகச் சொல்லவில்லை. நீச்சலுக்கும் முதல் போட்டிக்கும் நடுவில் அவர் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள், உங்களுக்கு அடுத்த வருஷமே கோவா கேட்கிறது.

கடல்: குளத்தில் நிற்காமல் 1000 மீட்டர் அடித்துவிட்டு, "இன்னும் போகலாம்" என்று தோன்றும் வரை வேண்டாம். பிறகும் தனியாக ஒருநாளும் கூடாது. கோவளம் பக்கம் காலையில் கூட்டாக நீந்துகிறவர்கள் இருக்கிறார்கள், கூடவே படகு வரும், அவர்களோடு சேருங்கள். மெரினாவில் இறங்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், அங்கே இழுப்பு மோசம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலை மறந்துவிடுங்கள். மற்ற நாளிலும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிற அண்ணனிடம் "இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டிக்கொள்ளுங்கள், சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காதீர்கள். குளத்தில் இருப்பது மாதிரி கடலில் தரையில் கோடு இருக்காது. அதனால் ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து திசை பார்க்கக் குளத்திலேயே பழகுங்கள். அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் 24.5 டிகிரிக்குள் இருந்தால்தான் நம்மைப் போன்றவர்கள் வெட்சூட் (உடம்பை மூடும் ரப்பர் நீச்சல் உடை) போட்டு நீந்துவது பரிசுக் கணக்கில் சேரும். நம் கடல் அதைவிடச் சூடு. அது மிதக்க வைக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

உடை: முட்டி வரைக்கும் வருகிற, ஜாமர் என்ற இறுக்கமான நீச்சல் கால்சட்டை கிடைக்கும், அதை வாங்குங்கள். மேலே உடம்போடு ஒட்டிய அரைக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலான குளங்களில் விடுவார்கள். காட்டன் ஷார்ட்ஸ், பனியன் விடமாட்டார்கள். சிலிக்கான் தொப்பி ஒன்று. கண்ணாடியை வாங்கும் முன் வாரை மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்திப் பாருங்கள், கையை எடுத்த பிறகும் ரெண்டு நொடி நின்றால் அதுதான் உங்கள் முகத்துக்கானது. திறந்தவெளிக் குளம் என்றால் கறுப்புக் கண்ணாடி. சனிக்கிழமை டெஸ்ட் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், செவ்வாய் காலை நான் வேளச்சேரி பக்கம்தான் வருவேன்.