ஹரிகேன் மாடல்: ஒரு ஐலரான் இறுகுகிறது, இன்னொன்றில் கீல் கையோடு வந்துவிட்டது

குரோம்பேட்டை ஹரிகேன்:

வணக்கம் நண்பர்களே. ஐந்து மாதமாக ஒரு ஹரிகேன், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானத்தின் ரிமோட்டில் பறக்கும் மாடல், கட்டிக்கொண்டிருக்கிறேன். முழுக்க பால்சா (லேசான மரம்), இறக்கை முனைக்கு முனை 120 செ.மீ., மின் மோட்டார். எல்லாரும் அதே காலத்து ஸ்பிட்ஃபயர்தான் அழகு என்பார்கள், ஆனால் 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிகேனில்தான் என்று படித்ததிலிருந்து கட்டினால் இதைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். உடல், இறக்கை எல்லாம் நன்றாகவே வந்தன. கீலில் வந்து மாட்டிக்கொண்டேன்.

நான் போட்டது சிஏ (சூப்பர் க்ளூ) பசையில் ஒட்டும் சிஏ ஹிஞ்ச், அதாவது இரண்டு பக்கமும் நார் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஐலரான் என்பது விமானத்தை உருட்ட இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை, ஒன்றுக்கு மூன்று கீல். வலது ஐலரான் கீழே இறங்கும்போது பாதியில் இறுகுகிறது, அதை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ முனகிக்கொண்டே இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. இடதில் இறுக்கம் இல்லை, ஆனால் இறக்கைக்கும் ஐலரானுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. நேற்று ராத்திரி அந்த இடது ஐலரானை இழுத்துப் பார்த்தேன், நடுக் கீல் அப்படியே வெளியே வந்துவிட்டது. தகட்டின் ஓரத்தில் மட்டும் பசை பிடித்திருந்தது, உள்ளே போன பாகம் புதுசு போல வெள்ளையாக இருந்தது. பறக்கும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத் தூக்கமே வரவில்லை.

இதே ரகத்தைச் சரியாகப் போட்டால் போதுமா, இல்லை ஊசி போட்ட நைலான் கீலுக்கு மாறிவிடலாமா? மேலே போர்த்தும் ஃபிலிம் இன்னும் ஒட்டவில்லை, அதற்கு முன்பே கீலை ஒட்டிவிடுவதா, பிறகா? வாலில் இருக்கும் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்குவது) ரடரும் (பக்கவாட்டில் திருப்புவது) இன்னும் தொடவே இல்லை, அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

வேளச்சேரி விங்ஸ்:

ப்ரோ, வெள்ளையாக இருந்தது என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் கெட்டியான பசையை ஊற்றியிருக்கிறீர்கள். இந்த ஹிஞ்ச்சுக்குத் தண்ணீர் போல ஓடும் ரகம்தான் வேண்டும், மேலே இருக்கும் நார் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கெட்டி ரகம் வாயிலேயே நின்று இறுகிவிடும். அதோடு நம்ம ஊர்க் காற்று வேறு. இந்தப் பசை காய்ந்து இறுகுவதில்லை, ஈரம் பட்டுத்தான் இறுகும், ஐப்பசி மழையில் வேளச்சேரியில் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்தால் கண் எதிரிலேயே இறுகிவிடுகிறது. பாட்டிலை மூடி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

நான் செய்வது இப்படி. மெடிக்கல் ஷாப்பில் 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு கிடைக்கும், கூர்நுனி உள்ளது, அதில் பிளவு போடுகிறேன். பிளவின் நடுவில் 1.5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் உருட்டி, கீல் போகும் ஆழத்துக்கு ஒரு ஓட்டை. பசை கீழே வரை இறங்குவதற்கு அதுதான் வழி. கீலின் சரிபாதியில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்துவிட்டுச் சொருகினால் இரண்டு பக்கமும் சமமாகப் போகும், ஐலரானைச் சேர்த்த பிறகு ஊசியை உருவிவிட்டு, மடிப்பின் மேல் சொட்டுச் சொட்டாக மூன்று நான்கு சொட்டு. ஒவ்வொரு சொட்டும் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அப்புறம் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் அதே போல. சீக்கிரம் இறுக வைக்கும் ஸ்பிரே இங்கே வேண்டவே வேண்டாம், பசை இறங்குவதற்குள் வாயில் கல்லாகிவிடும். பத்து நிமிடம் கழித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பயந்து பயந்து இழுத்தால் அது சோதனை இல்லை.

உங்கள் அளவுக்கு நைலான் கீல் தேவையில்லை என்பது என் கருத்து. இதைவிடப் பெரிய மாடலில்கூட இதையே போட்டுப் பறக்கிறேன், ஒன்றுகூட வந்ததில்லை.

பெரம்பூர் ஃபிட்டர்:

தம்பி, மேலே நண்பர் பசையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் வலது ஐலரானின் நோய் பசையில் இல்லை, நேர்க்கோட்டில் இருக்கிறது. நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன், கீல் விஷயம் ரயில் பெட்டிக் கதவானாலும் பால்சா ஆனாலும் ஒன்றுதான். இரண்டு கீல் போட்ட கதவு எப்படியும் திறந்துவிடும், மூன்றாவது கீல் போடும்போதுதான் ஆசாரியின் கை தெரியும். மூன்றும் ஒரே கோட்டில் மடிய வேண்டும். நடுவில் உள்ளது ஒரு மி.மீ. மேலே ஏறியிருந்தாலும் ஐலரான் கொஞ்ச தூரம் சுலபமாகப் போய்விட்டு அதற்கு மேல் முரண்டு பிடிக்கும். பாதியில் இறுகுகிறது என்று நீங்கள் எழுதியது இதைத்தான். சர்வோவைக் குறை சொல்லிப் பயனில்லை, அது பாவம், மரத்தையே வளைக்கப் பார்க்கிறது.

முதலில் சர்வோவையும் ஐலரானையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இறக்கையை மேசையில் வைத்து ஐலரான் மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்குமாறு நகர்த்துங்கள். நைலான் கீல் என்றால் தன் எடையிலேயே விழ வேண்டும். உங்கள் தகடு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், அதில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பின்விளிம்பில் வைத்தால் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோடு தப்பியிருக்கிறது, அல்லது பசை மடிப்பிலேயே இறுகியிருக்கிறது. இரண்டாவது என்றால் சீக்கிரம் அந்த இடத்தில் தகடு ஒடியும், அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கோடு போடுவதற்கு ஒரு சின்னக் கருவி சொல்கிறேன், கடையில் தேட வேண்டாம். விரல் நீள ரீப்பர் துண்டு எடுத்து, நடுவில் பென்சில் முனை நுழையும் ஓட்டை, அதிலிருந்து இரண்டு பக்கமும் மிகச் சரியாக ஒரே தூரத்தில் ஒவ்வொரு ஆணி. மரத்தின் விளிம்பு இரண்டு ஆணிக்கும் நடுவில் வருமாறு வைத்து, இரண்டு ஆணியும் இரண்டு பக்கமும் உரசும்வரை கட்டையைக் கொஞ்சம் திருகி, அப்படியே இழுத்துக்கொண்டு போங்கள். மரத்தின் தடிமன் கூடினாலும் குறைந்தாலும் பென்சில் நட்ட நடுவில்தான் கோடு போடும். ஹரிகேன் ஐலரான் முனைக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும் அல்லவா, ஸ்கேல் வைத்து அளந்து போட்டால் அங்கேதான் தவறும். பிளவு போட்ட பிறகு கீல்களைப் பசையில்லாமல் சொருகி, கறுப்பு நூல் ஒன்றை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டிப் பாருங்கள். மூன்று மடிப்பும் நூலுக்கு அடியில் மறைய வேண்டும். ஒன்று விலகியிருந்தால் அந்தப் பிளவில் பால்சா சீவல் வைத்து ஒட்டி அடைத்துவிட்டு மறுபடி வெட்டுங்கள், அதே பிளவைப் பெரிதாக்கிச் சமாளிக்க வேண்டாம்.

இடைவெளி 2 மி.மீ. மிக அதிகம். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் தடிமன் போதும். நீங்கள் இடைவெளி விட்டதற்குக் காரணம் ஐலரான் இறங்கும்போது விளிம்பு இடிக்கிறது என்பதாக இருக்கும், அப்படியானால் விளிம்பைத்தான் சீவ வேண்டும், தள்ளி வைக்கக் கூடாது. நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் கூரை போலச் சரிவாக உப்புத்தாளில் தேய்த்துவிட்டால் இடைவெளியே இல்லாமல் இரண்டு பக்கமும் போகும். உண்மையான விமானம் போல உருண்டையான முன்விளிம்பு வேண்டும் என்றால் வேலை வேறு. அந்த அரைவட்டத்தின் மையத்தில்தான் கீலின் ஊசி உட்கார வேண்டும், விளிம்பு 9 மி.மீ. தடிமன் என்றால் ஊசி 4.5 மி.மீ. உள்ளே. அதற்குக் குச்சி போல இருக்கும் பாயின்ட் ஹிஞ்ச் வாங்கி, பின்னால் கட்டை வைத்து, இறக்கைப் பக்கத்தை அந்த விட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழாயில் உப்புத்தாளைச் சுற்றிக் குழிவாகத் தேய்க்க வேண்டும். முதல் மாடலில் ரடருக்கு மட்டும் செய்து பழகுங்கள்.

இன்னொன்று, ஹார்னின், அதாவது கம்பி மாட்ட ஐலரானில் பொருத்தும் சின்னக் கொம்பின், ஓட்டை கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்னால் தள்ளி வைத்தால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் போகும். எலிவேட்டர் இரண்டு பாதியையும் ஒரே கம்பி இணைக்கிறது என்பதால் அங்கே இடது பாதியின் கோடும் வலது பாதியின் கோடும் ஒன்றாக வர வேண்டும், நூலை முழு அகலத்துக்கும் கட்டிப் பாருங்கள்.

ஏரோ மாணவி:

ஃபிட்டர் ஐயா சொன்ன இடைவெளிக்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். இடைவெளி வழியாகக் காற்று அடியிலிருந்து மேலே கசியும், அதனால் ஐலரான் எவ்வளவு திரும்பினாலும் விமானம் மந்தமாகத்தான் உருளும். அதைவிட மோசம் ஃப்ளட்டர். கீலுக்குப் பின்னால் எடை அதிகமாக, இணைப்பில் ஆட்டமும் இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்தப் பலகை தானாகவே படபடக்கத் தொடங்கும், காற்றே அதற்குச் சக்தி கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் நிற்காது. பெரிய விமானங்களில் கீலுக்கு முன்னால் எடை வைத்து இதைச் சமன் செய்கிறார்கள். நம் மாடலில் பின்விளிம்பு லேசாக இருப்பதும், இணைப்பில் துளி ஆட்டம்கூட இல்லாததும்தான் பாதுகாப்பு. பெயின்ட் அடிப்பவர்கள் ஐலரானின் பின்பக்கம் கவனமாக இருங்கள், இரண்டு பூச்சுக்கு மேல் வேண்டாம்.

இதோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்பிட்ஃபயருக்கே ஐலரான் தொல்லை இருந்தது. ஆரம்பத்தில் துணி போர்த்திய ஐலரான், வேகம் கூடும்போது துணி உப்பிக்கொண்டு கட்டுப்பாட்டுத் தண்டை அசைக்கவே முடியாத அளவு கனத்துவிடும். 1941-இல் உலோகத் தகடு போர்த்திய ஐலரானுக்கு மாற்றிய பிறகுதான் விமானிகளுக்கு நிம்மதி. கீல் நன்றாக இருந்தும் அதற்குப் பின்னால் உள்ள பரப்பு உருமாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நம் ஃபிலிமும் வெயிலில் தளர்ந்து தொங்கினால் சின்ன அளவில் அதே கதைதான், காரின் பின் கண்ணாடிக்குக் கீழே மாடலைப் படுக்க வைக்காதீர்கள்.

மடிப்பாக்கம் மணி:

வேளச்சேரி நண்பருடன் ஒரு இடத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஐலரானுக்குத் தகடு போதும். எலிவேட்டருக்கு நான் நைலான் கீல்தான் போடுவேன், ஏனென்றால் ஐலரான் ஒன்று போனாலும் எப்படியாவது இறக்கிவிடலாம், எலிவேட்டர் போனால் அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் திருப்போரூர் தாண்டி ஒரு காய்ந்த ஏரியில் என் மாடலை உயரத்திலிருந்து வேகமாக இறக்கினேன், வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது, மோட்டார்தான் என்று நினைத்தேன். இரண்டு நொடிகூட இருக்காது, எலிவேட்டரின் இடது பாதி தனியாகப் பிரிந்து காகிதம் போலச் சுழன்று இறங்கியது, விமானம் மூக்கைத் தூக்கவே இல்லை. பொறுக்கி எடுத்தபோது கீலில் பசை நகக்கண் அளவுக்குத்தான் பிடித்திருந்தது. நான் இழுத்துப் பார்க்காமல் ஒட்டியது அது. அன்றிலிருந்து அந்த ரீங்காரம் கேட்டால் உடனே த்ராட்டிலைக் குறைத்துவிட்டு நிதானமாக இறக்குகிறேன்.

நைலான் கீலுக்கு மெதுவாக இறுகும் அரால்டைட் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் எழுதியிருப்பதைவிடச் சீக்கிரம் இறுகும், அதனால் இரண்டு கீலுக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். கீலின் இரண்டு இலையையும் (பிளவுக்குள் போகும் தகடு) உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, நடுவில் ஊசி இருக்கும் உருளையில் மட்டும் வாசலினைத் துளி தடவுங்கள், இலையில் படக் கூடாது. ஈர்க்குச்சியால் பிளவுக்குள் பசையை வைத்துவிட்டுச் சொருகி, இறுகும் முன் இரண்டு மூன்று தடவை மடக்கிப் பாருங்கள். மறுநாள் ஒவ்வொரு இலையும் இருக்கும் இடத்தில் மேலிருந்து சின்ன ஓட்டை போட்டு, ஊதுபத்திக் குச்சியைச் சீவி அதில் பசையோடு இறக்கி, மட்டமாக வெட்டிவிட்டால் பசை விட்டாலும் கீல் வராது.

ஃபிலிம் கேள்விக்கு: பிளவு வெட்டுவது, சொருகிப் பார்ப்பது எல்லாம் முதலில். பிறகு ஃபிலிம். பசை கடைசியில். பிளவின் வாயில் ஃபிலிமைக் கீறி எடுத்துவிட மறக்காதீர்கள், பசை மரத்தில் பிடிக்க வேண்டும்.

குரோம்பேட்டை ஹரிகேன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஃபிட்டர் ஐயா சொன்னபடி நூல் கட்டிப் பார்த்தேன். வலது ஐலரானில் முனைப்பக்கக் கீல் கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. கீழே இருந்தது, மெலிந்துகொண்டே போகும் இடத்தில்தான். ஆணிக் கட்டை ஒன்று செய்து, ஆறு பிளவையும் அடைத்து மறுபடி வெட்டினேன், இரண்டு ராத்திரி போயிற்று. விளிம்பைக் கூரை போலச் சீவியதும் இடைவெளி போய்விட்டது, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் மயிரிழை வெளிச்சம்தான் தெரிகிறது. பசையில்லாமலே நாணயம் வைத்தேன், இரண்டு ஐலரானும் ஒரே மாதிரி இறங்கின. எலிவேட்டருக்கு மணி அண்ணன் சொன்ன நைலான் கீல் ஆர்டர் போட்டிருக்கிறேன், அது வந்ததும் ஃபிலிம் வேலை. ரடருக்கு உருண்டை விளிம்பு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன் ஐயா, பின்னால் வைக்கும் கட்டை பால்சாவே போதுமா?

பெரம்பூர் ஃபிட்டர்:

பால்சா போதும், ஆனால் கையில் கனமாக இருக்கும் துண்டாகப் பார்த்து எடுங்கள், கீல் குச்சியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மரம் இருக்க வேண்டும். ஓட்டையை முதலில் ஒரு சைஸ் சின்னதாகப் போட்டு, பிறகு பெரிதாக்குங்கள், நேராகப் போகும். பறக்கவிடும் அன்று சொல்லுங்கள், விமானத் தளம் இருக்கும் மீனம்பாக்கம், தாம்பரம் பக்கம் மட்டும் வேண்டாம், மற்றபடி எங்கே என்றாலும் வருகிறேன்.