பழைய கோட் ஃபார்மட்டுக்கு எந்த டெக்? எதிரே பார்த்ததை எழுதுங்கள்

அண்ணா நகர்

யூ-கி-ஓ கார்டு விளையாட்டில் 2005 ஏப்ரல் தடைப்பட்டியலை (எந்தக் கார்டு கூடாது, எது எத்தனை காப்பி என்ற பட்டியல்) வைத்து ஆடும் பழைய முறையான கோட் ஃபார்மட்டுக்கு மதுரையில் ஆள் சேர்கிறது. கார்டு வரிசை தி லாஸ்ட் மில்லெனியம் செட்டோடு நின்றுவிட்டது. புதிதாக எதுவும் வந்து ஆட்டத்தைக் கலைக்கப் போவதில்லை என்பதால், இப்போது எடுக்கும் டெக்கே (ஆடுவதற்கான கார்டுக் கட்டு) வருஷக்கணக்கில் கையில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எதை எடுக்கலாம்? எந்த டெக் எதிரே வந்தால் என்ன நடக்கிறது? ஆடிப் பழகியவர்கள் எழுதுங்கள்.

திருப்பரங்குன்றம்

தம்பி, டெக்கைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி எந்த டெக்குக்கும் ஆகுற பொதுக் கார்டுகளைச் சேத்துருங்க. ஸ்பெல்லுல பாட் ஆஃப் கிரீட், கிரேஸ்ஃபுல் சாரிட்டி, டெலின்குவன்ட் டுவோ, ஹெவி ஸ்டார்ம், மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன், ஸ்னாட்ச் ஸ்டீல், பிரிமெச்சூர் பரியல். ட்ராப்புல மிரர் ஃபோர்ஸ், டொரென்ஷியல் ட்ரிப்யூட், ரிங் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன், கால் ஆஃப் தி ஹாண்டட். மான்ஸ்டருல பிளாக் லஸ்டர் சோல்ஜர், பிரேக்கர், ட்ரைப் இன்ஃபெக்டிங் வைரஸ், சங்கன், சினிஸ்டர் சர்பென்ட், டி.டி. வாரியர் லேடி. எல்லாமே பட்டியல்படி 1 காப்பிதான். மொத்தம் 17 ஆச்சா? 40 கார்டுல மிச்சம் 23தான் டெக்குக்கு டெக் மாறும். பர்ன் (தாக்காமலே எஃபெக்டால உயிர்ப்புள்ளியைக் குறைக்கிறது), ஓ.டி.கே. (ஒரே டர்ன்ல முடிக்கிறது) மாதிரி ஓரத்து டெக்குகளை விட்டுட்டா இந்த 17 பெரும்பாலும் எங்கேயும் வீணாகாது. ஒரே டெக்குன்னு முழுசா வாங்கி, பிடிக்காமப் போயி, மறுபடி முதல்ல இருந்து வாங்குறது தேவையே இல்ல.

அடுத்து, இந்த ஃபார்மட்டுக்குப் பேரு வாங்கிக் கொடுத்த கோட் கன்ட்ரோல். இதுல ஸ்கேப்கோட் 2, மெட்டமார்ஃபோசிஸ் 2, சுகுயோமி 2, மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த் 2, புக் ஆஃப் மூன் 2, இதுதான் எலும்பு. ஸ்கேப்கோட் போட்டா வர்ற நாலு ஆட்டுக்குட்டி டோக்கனும் (மான்ஸ்டரா நிக்கிற அடையாளம்) லெவல் 1. மெட்டமார்ஃபோசிஸ் ஒரு மான்ஸ்டரைப் பலி வாங்கி அதே லெவல் ஃபியூஷன் மான்ஸ்டரை இறக்கும். டோக்கனை அதுல கொடுத்தா லெவல் 1 ஃபியூஷனான தௌசன்ட் ஐஸ் ரெஸ்ட்ரிக்ட் வரும். அது எதிராளி மான்ஸ்டர் ஒண்ண விழுங்கும், மத்த மான்ஸ்டர் எதுவும் தாக்க முடியாம நிறுத்தும். டோக்கனுக்காகக் காத்திருக்க வேண்டாம். சினிஸ்டர் சர்பென்ட்டும் மெஜிஷியன் ஆஃப் ஃபெய்த்தும்கூட லெவல் 1தான். கவுத்து வச்ச மெஜிஷியனை ஃபிலிப் பண்ணி (நிமித்தி) மெட்டமார்ஃபோசிஸைத் திரும்ப எடுத்து, அதே மெஜிஷியனையே கொடுக்கலாம். ஏர்நைட் பார்ஷத்தைக் கொடுத்தா லெவல் 5 டார்க் பால்டர், கேயாஸ் சோர்சரரைக் கொடுத்தா லெவல் 6 ரியூ சென்ஷி. அதனால ஃபியூஷன் மான்ஸ்டருங்களைத் தனியா வைக்கிற ஃபியூஷன் டெக்க காலியா விட்டுறாதீங்க.

புதுசா ஆடுறவங்க தப்பு விடுறது ஸ்கேப்கோட் போடுற நேரத்துல. போட்ட டர்ன்ல வேற எதையும் சம்மன் பண்ண (மான்ஸ்டரை இறக்க) முடியாது. அதனால முந்தின டர்ன்லயே கவுத்து செட் பண்ணிட்டு, எதிராளியோட எண்ட் ஃபேஸ்ல திறங்க. உங்க டர்ன் முழுசாக் கையில இருக்கும். இன்னொண்ணு, சுகுயோமியால ரெஸ்ட்ரிக்ட்டைக் கவுத்து, ஃபிலிப் சம்மன் பண்ணி ரெண்டாவது தடவை விழுங்க வைக்கிற வித்தை. ரெஸ்ட்ரிக்ட் வந்த அதே டர்ன்ல இது நடக்காது, சம்மன் ஆன டர்ன்ல கையால நிலை மாத்த முடியாது. அடுத்த டர்ன் வரைக்கும் அது உயிரோட இருக்கணும்.

மேலூர்

அண்ணன் சொன்ன கோட் கன்ட்ரோல் பலமான டெக்தான், ஆனால் முதல் டெக்காக அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டர்னிலும் சின்னச் சின்ன முடிவுகள், ஒன்று பிசகினாலும் பத்து டர்ன் கழித்துத்தான் தெரியும். இரண்டு பேரும் அதே டெக் வைத்திருந்தால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். சாயங்காலம் மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்க வேண்டியவருக்கு மூன்று ஆட்டம் முடியாது.

என் தேர்வு கேயாஸ் டர்போ. தண்டர் டிராகன் 3, கேயாஸ் சோர்சரர் 2 அல்லது 3, டெகோய்ச்சி 2 அல்லது 3. தண்டர் டிராகன் ஒன்றைக் கையிலிருந்து தள்ளினால் டெக்கிலிருந்து இன்னும் இரண்டு வரும். அந்த இரண்டையும் கிரேஸ்ஃபுல் சாரிட்டிக்குத் தள்ளலாம். கிரேவ்யார்டில் (பயன்படுத்திய கார்டுகள் போகும் இடம்) ஒளி வகை மான்ஸ்டரும் சேர்ந்துவிடும். ஒரு ஒளி, ஒரு இருள் விலக்கி சோர்சரர் இறங்கி, எதிரே முகம் காட்டி நிற்கும் மான்ஸ்டர் ஒன்றை ஆட்டத்தை விட்டே விலக்கும். விலக்கிய டர்னில் அது தாக்காது, இதைப் பலர் மறக்கிறார்கள்.

எண்ணிக்கைதான் இந்த டெக்கின் உயிர். ஒளி 8, இருள் 10 என்ற அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். சினிஸ்டர் சர்பென்ட் நீர், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சுகுயோமி இருள்தான், ஆனால் எண்ட் ஃபேஸில் கைக்குத் திரும்பிவிடும், கிரேவ்யார்டுக்குச் சுலபத்தில் போகாது. இந்த இரண்டையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கட்டிய டெக்கில், சோர்சரர் இரண்டும் கையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எதிராளி கைகூவை இறக்கினால் கிரேவ்யார்டிலிருந்து நாம் எதையும் விலக்க முடியாது. சோர்சரரும் பிளாக் லஸ்டர் சோல்ஜரும் ஒன்றாக முடங்கும். அது 1800 தாக்குதல் உள்ள மான்ஸ்டர். தாக்க வருவதை அழிக்கும் சாக்குரெட்சு ஆர்மர் ஒன்றாவது, மான்ஸ்டரைக் கவிழ்க்கும் புக் ஆஃப் மூன் ஒன்றாவது அதற்காக வைத்திருங்கள்.

வில்லாபுரம்

எதிர்ல பாத்ததச் சொல்றேன். கோட் கன்ட்ரோல் ஆளு டோக்கன் நாலையும் வச்சு ஒளிஞ்சிருக்கும்போது ஏர்நைட்ட எறக்குங்க. டோக்கனுக்குத் தற்காப்பு 0. ஏர்நைட் துளைச்சு 1900 அடிக்கும், ஒரு கார்டும் எடுக்கலாம். ஆட்டுக்குட்டியே அவருக்குப் பாரமாயிரும்.

கவுத்து வச்ச மான்ஸ்டர அழிக்கிற நோபிள்மேன் ஆஃப் கிராஸ்அவுட்ட கண்ண மூடிக்கிட்டு போடாதீங்க. கவுத்து வச்சது ஃபிலிப் மான்ஸ்டரா இருந்தா, ரெண்டு பேர் டெக்லயும் அதே பேர்ல உள்ளது எல்லாம் வெளிய போயிரும். எதிராளி மெஜிஷியன அடிச்சா உங்க மெஜிஷியனும் போச்சு. உங்க மெஜிஷியன ஏற்கனவே பயன்படுத்தி முடிச்சிருந்தா தாராளமாப் போடுங்க.

பென் கெய் ஓ.டி.கே. கொண்டு வர்றவங்க ஒரே டர்ன்ல எக்விப்ப (மான்ஸ்டருக்கு மாட்டுற பலம் கூட்டுற கார்டு) எல்லாம் மாட்டி முடிச்சிருவாங்க. முதல் எக்விப்புக்கே பதறாம, எல்லாம் மாட்டுற வரைக்கும் விட்டுட்டு புக் ஆஃப் மூன் போடுங்க. கவுந்ததும் அம்புட்டு எக்விப்பும் உடைஞ்சிரும், அவர் கை காலி.

பர்ன் எதிர்ல வந்தா பொதுக் கார்டுல பாதி செத்த கார்டு. தாக்குதலத் தடுக்குற கிராவிட்டி பைண்ட், லெவல் லிமிட் ஏரியா பி பின்னாடி உக்காந்துக்கிட்டு வேவ் மோஷன் கேனன் ஏத்துவாங்க. சைட் டெக்ல (ஆட்டத்துக்கு நடுவுல மாத்திக்கிற கார்டுக) டெஸ் வொம்பாட், மோபியஸ், டஸ்ட் டொர்னேடோ சேந்து 5 கார்டாவது இருக்கட்டும். அந்தக் காலத்து விதிப்படி சைட் டெக் 15 இல்லைன்னா 0, நடுவுல கெடையாது.

ஒத்தக்கடை

இப்போதைய டிஜிட்டல் யூ-கி-ஓவில் பழகி வருகிறவர்கள் டெக் தேர்வு செய்யும் முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் விதி மாறினால் கார்டின் மதிப்பே மாறுகிறது. முதலில் ஆடுகிறவரும் முதல் டர்னில் கார்டு எடுப்பார். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே ஃபீல்டு ஸ்பெல்தான் நிற்கும். மிக முக்கியமானது, மான்ஸ்டரைச் சம்மன் பண்ணியவர் எதிராளி ட்ராப் திறப்பதற்கு முன்பே அதன் எஃபெக்டைத் தொடங்கலாம். தன்னையே பலி கொடுத்து ஒரு மான்ஸ்டரை அழிக்கும் எக்ஸைல்டு ஃபோர்ஸை இறக்கி உடனே பலி கொடுத்துவிட்டால், அதன் பிறகு சம்மனுக்குப் பதிலாக எல்லா மான்ஸ்டரையும் அழிக்கும் டொரென்ஷியல் திறந்தாலும் எக்ஸைல்டு ஃபோர்ஸின் வேலை முடிந்தே தீரும். வாரியர் டெக் இந்த ஃபார்மட்டில் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மூளையைக் கசக்காமல் ஆடிப் பழக நினைப்பவருக்கு அதுவும் நல்ல தொடக்கம்: டி.டி. அசெய்லன்ட், பிளேடு நைட், மிஸ்டிக் சுவார்ட்ஸ்மேன் லெவல் 2.

வாங்குவதற்கு முன் நகல் எடுத்து ஆடிப் பாருங்கள். நண்பர்களுக்குள் ஆட அது போதும். கார்டு அளவு 59 × 86 மி.மீ.; ஏ4 தாளில் 9 வரும். ஜெராக்ஸ் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல் 100 சதவீதத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும். வெட்டி, வேண்டாத பழைய கார்டுக்கு முன்னால் வைத்து ஸ்லீவில் போடுங்கள். ஸ்லீவ் 62 × 89 அளவு. 66 × 91 பெரிய கார்டு விளையாட்டுகளுக்கானது, அதற்குள் கார்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

அசல் வாங்கும்போது வலது கீழ் மூலையில் உள்ள சின்ன ஃபாயில் சதுரத்தைப் பாருங்கள். முதல் பதிப்பில் தங்க நிறம், மற்ற சாதாரணப் பதிப்பில் வெள்ளி. பொம்மைக் கடைப் பாக்கெட்டுகளில் வருவதில் அது வெறும் அச்சாக இருக்கும், எழுத்தும் மங்கியிருக்கும். ஃபாயில் கார்டுகளைச் சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைக்காதீர்கள். வளைந்த கார்டு டெக்கில் எங்கே இருக்கிறதென்று எதிராளிக்குத் தெரிந்துவிடும், போட்டியில் அது குறியிட்ட கார்டாகவே கொள்ளப்படும்.